வேண்டாம் சார் வாங்கிய லாரி

ஒருமுறை வேண்டாம் என்று தள்ளிய பொருள், தள்ளிய ஆளுக்கே பிறகு ஒருநாள் வேண்டியதாகிவிடுகிறது. இடையில் மாறியது எது? பொருளா, ஆளா? இந்தக் கேள்வியைப் பற்றி அறிஞர்கள் தலையணை தலையணையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பழைய லாரி வாங்கப் போயிருக்கமாட்டார் என்று படுகிறது. போயிருந்தால் இன்னும் சுருக்கமாக எழுதியிருப்பார்கள்.

ஒரு சரக்குக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடங்களாக வண்டி பார்த்து வாங்கும் வேலையிலிருந்த ஒருவர் இந்தக் கேள்வியில் போய் மாட்டிக்கொண்டார். கம்பெனியில் அவருக்கு 'வேண்டாம் சார்' என்று பெயர். பத்து வண்டி பார்த்தால் ஒன்பதுக்கு வேண்டாம் என்பார். பத்தாவதற்கு, "இப்போதைக்கு வேண்டாம்" என்பார். அவரைத் திறமைசாலி என்று சொல்ல நா எழவில்லை. தவறு செய்யாதவர் என்று வேண்டுமானால் சொல்லலாம். எதையும் வாங்காத ஆள் எங்கிருந்து தவறு செய்வது?

அவர் பார்த்தது பெரும்பாலும் இழுவை லாரிகளை. நீளமான சரக்குப் பெட்டியைப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகும் வெறும் முன்வண்டி. பெட்டியைக் கழற்றிவிட்டால் உடம்பைத் தொலைத்த தலைபோல நிற்கும். அதை அவர் சோதிக்கும் விதம் ஊரறிந்தது. முதலில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாயின் வாயில் பிடித்து நூறு எண்ணுவார். பிறகு அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வார். கால் மணி நேரம் அசையமாட்டார், பேசமாட்டார். வெளியே தரகர்கள் பரீட்சை எழுதும் பிள்ளையின் அப்பாவைப்போல நின்றுகொண்டிருப்பார்கள்.

"ஓடுன தூரத்தக் காட்டுற மீட்டரைத் திருகிடலாம். எஞ்சினுக்குப் பெயின்ட் அடிச்சுடலாம். சீட்டை எவனும் மாத்தமாட்டான். வண்டி பட்ட பாடு பூரா அங்கதான் இருக்கும்" என்பது அவருடைய கொள்கை. வண்டியின் காகிதங்களைக் கடைசியாகத்தான் தொடுவார். முன்னாலேயே படித்துவிட்டால் மனசு சாய்ந்துவிடுமாம்.

இப்படி நிம்மதியாக வேண்டாம் சொல்லிக்கொண்டிருந்தவரின் வாழ்க்கையில் புகை புகுந்தது. இனிமேல் தயாராகும் லாரிகள் புதிய புகை விதிப்படிதான் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. புது மாதிரி வண்டிக்கு ஏகப்பட்ட குழாய், ஏகப்பட்ட விளக்கு. டீசல் போதாதென்று தனியாக ஒரு நீலத் திரவமும் ஊற்ற வேண்டும். அது தீர்ந்தால் வண்டி கோபித்துக்கொண்டு சைக்கிள் வேகத்தில் போகும். விலை எட்டாத உயரத்தில் இருந்தது. முன்பதிவு செய்தாலும் கைக்கு வர ஒன்பது மாதம். எல்லாக் கம்பெனிகளும் பழைய வண்டிகளின்மேல் பாய்ந்தன. ஆறே வாரத்தில் தரகர்களின் மைதானங்கள் துடைத்த தட்டுபோல ஆயின. அதுவரை வேண்டாம் சாரைக் கண்டால் டீ வாங்கிவர ஓடிய தரகர்கள், இப்போது அவர் உள்ளே உட்கார்ந்து கண்ணை மூடியிருக்கும்போதே அதே வண்டியை வேறொருவருக்கு விற்றார்கள். ஒருமுறை வாங்கியவன் அவரைப் பக்கத்து இருக்கைக்குத் தள்ளிவிட்டு, அவரையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு போய்விட்டான். மூன்றாவது சிக்னலில்தான் இறக்கிவிட்டான்.

இதையும்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். வீட்டில்தான் நிலைமை மோசமாக இருந்தது.

அவருடைய மனைவியின் தம்பி அதே கம்பெனியில் ஓட்டுநர். அவன் ஓட்டிய வண்டி புகைச் சோதனையில் தோற்று உடைக்கப் போய்விட்டது. வேறு வண்டி வரும்வரை வேலை இல்லை. "ரெண்டே நாள், அக்கா" என்று ஒரு பையோடு வந்தவன் நாற்பத்து மூன்று நாளாகக் கூடத்து சோபாவில் இருந்தான். சும்மா இருந்திருந்தாலாவது பரவாயில்லை. தினமும் காலையில் சோபாவின் நாலு காலையும் சக்கரத்தை உதைப்பதுபோல உதைத்துப் பார்ப்பான். சமையலறைத் திருப்பத்தில் வாயாலேயே ஹாரன் அடிப்பான். அக்கா துணி துவைக்கும் இயந்திரத்தைச் சுத்தம் செய்ய இழுத்தால் பின்னால் போய் நின்றுகொண்டு, "வரலாம், வரலாம், இன்னும் வரலாம், லெஃப்ட் ஒடிச்சு, ஆங், ஹோல்டே!" என்று சுவரைத் தட்டுவான். வேண்டாம் சார் குளியலறைக்குப் போகும்போதும் இதே மரியாதை கிடைத்தது.

"என்னங்க, அவனுக்கு ஒரு வண்டியப் பாத்துக் குடுங்களேன்" என்று மனைவி தினமும் சொன்னாள்.

"பாத்துட்டுத்தான இருக்கேன்."

"நீங்க பாப்பீங்க. வாங்குங்கன்னு சொல்றேன்."

இந்தச் சமயத்தில் கம்பெனிக்குத் துறைமுக வேலை ஒன்று கிடைத்தது. திங்கட்கிழமை காலை பன்னிரண்டு இழுவை லாரிகள் வாசலில் நிற்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேலை வேறு கம்பெனிக்கு. கையில் இருந்தவை பதினொன்று. முதலாளியம்மா வியாழக்கிழமை அவரைக் கூப்பிட்டு, "ஒன்னே ஒன்னு, சார். நீங்க பொண்ணு பாக்கப் போகல. லாரி பாக்கப் போறீங்க. ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

ஊரில் ஒரே ஒரு வண்டிதான் மிச்சம் இருந்தது. ரயில் பாதைக்குப் பக்கத்து மைதானத்தில், புதிதாக நீலப் பெயின்ட் அடித்து, மணப்பெண் மாதிரி நின்றது. வேண்டாம் சார் கம்பெனி மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போனார். கைக்குட்டையைப் பிடித்து நூறு எண்ணினார். லேசான சாம்பல் நிறம்தான். இன்னொரு நூறு எண்ணினார். அதேதான். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

"என்ன சார், ஏதாச்சும் கடிச்சுதா?" என்று தரகர் பதறினார்.

கடிக்கவில்லை. குத்தியது. இடப்பக்கம், இருக்கையின் பின்விளிம்பிலிருந்து நாலு விரல் முன்னால், வளைந்த ஒரு கம்பி. அந்தக் கம்பியை அவருக்குத் தெரியும். மனிதர்களின் முகம் அவருக்கு மறந்துபோகும், இது மறக்காது. ஆறு வருடங்களுக்கு முன்னால் இதே வண்டி மஞ்சள் நிறத்தில் அவருடைய கம்பெனியில் ஓடியது. ஒருநாள் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, உதவாது என்று எழுதி அதை விற்க வைத்தவர் அவர்தான்.

எஞ்சினுக்கடியில் படுத்திருந்த மெக்கானிக் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார். "தங்கம் சார்! இந்த எஞ்சின் இன்னும் பத்து வருஷம் ஓடும். இதப் போய் எந்த முட்டாள் சார் வித்தான்?"

வேண்டாம் சார் கைக்குட்டையை மிக நிதானமாக மடித்தார்.

மறுநாள் வண்டியின் காகிதங்களோடு பழைய கோப்பும் முதலாளியம்மாவின் மேசைக்கு வந்துவிட்டது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'இந்த வண்டி இனி எவருக்கும் பயன்படாது.' கையெழுத்து உங்களுதுதானே? காரணம்னு போட்ட எடத்துல என்ன எழுதியிருக்கீங்க? 'உட்கார்ந்தாலே தெரியும்.'"

"ஆமாம்மா."

"எவருக்கும் பயன்படாத வண்டி ஆறு வருஷமா யார் யாருக்கோ சம்பாதிச்சுக் குடுத்துட்டு, குளிச்சு சட்டை மாத்தித் திரும்பி வந்திருக்கு." கண்ணாடியைக் கழற்றினார். "பாருங்க சார், நான் உங்களக் கட்டாயப்படுத்தல. வேண்டாம்னா வேண்டாம்னே எழுதுங்க. துறைமுகம் போனாப் போகட்டும். ஆனா இந்தத் தடவை காரணத்துல சீட்டு, உட்கார்றது, இது எதுவும் வரக்கூடாது. நாளைக்குக் காலையில எனக்கு எழுத்துல வேணும்."

வாங்கலாம் என்று எழுதினால், இருபத்திரண்டு வருட வேண்டாம்களில் ஒன்று பொய் என்று ஆகும். ஒன்று பொய்யானால் மற்றவை? அவர் தள்ளிய வண்டிகளெல்லாம் வரிசையாக வந்து மனசுக்குள் ஹாரன் அடித்தன. வேண்டாம் என்று எழுதினால் துறைமுக வேலை போகும். சோபாவும் திரும்பக் கிடைக்காது. மனிதனுக்கு அவன் சொன்ன சொல் பெரிதா, சோபா பெரிதா என்று கேட்டால் சிரிப்பு வரும்தான். நாற்பத்து மூன்று நாள் சோபா இல்லாமல் இருந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

அன்று மாலை வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். "ஒரு வண்டி இருக்கு."

மைத்துனன் சோபாவிலிருந்து துள்ளினான். "எங்க மாமா?"

"என்ன குறை அதுல?" என்றாள் மனைவி. அவளுக்கு அவரைத் தெரியும்.

"குறை ஒன்னும் இல்ல. அதான் குறை. நம்ம பழைய மஞ்ச வண்டிதான். இப்ப நீலம்."

"அந்த மஞ்ச வண்டியா!" மைத்துனன் கண் கலங்கிவிட்டது. "அக்கா, நான் முதமுதல்ல ஓட்டுனதே அதான். மேட்டுல ஏறும் பாரு, பூனை மதில் ஏறுற மாதிரி. எந்தப் படுபாவி அத வித்தானோ!"

வேண்டாம் சார் எழுந்துபோய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

"அதுல ஒரு கம்பி குத்துமே" என்றார் வேண்டாம் சார், மெதுவாக.

"ஆமா மாமா! இடப்பக்கம்!" என்று அவன் உற்சாகமாகச் சொன்னான். "துண்ட நாலா மடிச்சுப் போட்டு உட்காருவேன். அவ்ளோதான், மெத்தை மாதிரி இருக்கும்."

மனைவி அவரைப் பார்த்தாள். உள்ளே போய்க் கொடியில் கிடந்த துண்டை எடுத்துவந்து, நாலாக மடித்து, அவருக்குமுன் இருந்த நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். அவர் அதில் உட்காரவில்லை. ஜன்னலோரமாக வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் முதலாளியம்மாவின் மேசையில் காகிதம் இருந்தது. முடிவு என்ற இடத்தில் 'வாங்கலாம்'. காரணம் என்ற இடத்தில், 'ஆறு வருடங்களுக்கு முன் நான் எழுதியது தவறு.' முதலாளியம்மா இரண்டு முறை படித்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார், அங்கேயாவது ஒரு வேண்டாம் ஒளிந்திருக்கிறதா என்று. இல்லை. அந்த ஒரு வரிக்காக அவரைப் பாராட்டலாம். முட்டாள் என்று வாய்விட்ட மெக்கானிக் மட்டும் அன்று முழுவதும் அவர் கண்ணில் படாமல் நடமாடினார்.

திங்கட்கிழமை பன்னிரண்டு லாரிகளும் துறைமுக வாசலில் நின்றன. கடைசியில் நின்ற நீல வண்டிக்குள் மைத்துனன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், துண்டு இல்லாமல். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் சார் பட்டறையில் கூடவே நின்று, பழைய இருக்கையைக் கழற்ற வைத்துப் புதிதாக ஒன்றைப் பொருத்தச் சொல்லியிருந்தார். அவர் வாழ்நாளில் எந்த வண்டிக்கும் இருக்கை மாற்றச் சொன்னதில்லை.

கழற்றிய இருக்கையைப் பழைய இரும்புக்காரரிடம் போட மெக்கானிக் கை வைத்தபோது, "அது இருக்கட்டும்" என்றார். ஒரு சின்ன வண்டி பிடித்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மைத்துனன் காலிசெய்த சோபாவுக்குப் பக்கத்தில், ஜன்னலைப் பார்த்தாற்போல, கூடத்துத் தரையில் நாலு ஆணி அடித்துப் பொருத்தினார்.

"இது எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"உட்கார்ந்தாலே தெரியும்" என்றார் அவர், கடைசி ஆணியைத் தட்டிக்கொண்டே. பிறகு எத்தனையோ தடவை கேட்டபோதும் அதையேதான் சொன்னார். சோபா முழுசாகக் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் வேலையிலிருந்து வந்ததும் அவர் அந்த இருக்கையில்தான் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். பார்க்கப் பொறுக்காமல் மனைவி ஒருநாள் அதில் ஒரு மெத்தையைத் தைத்துப் போட்டாள். அவர் வந்தார், பார்த்தார், மெத்தையை எடுத்துப் பத்திரமாகச் சோபாவில் வைத்தார். பிறகு கொஞ்சம் இடப்பக்கமாகத் தள்ளி, கம்பிமேல் உட்கார்ந்தார்.