படத்துக்கு அழுத அண்ணை

டிவிடி தட்டு உள்ளே போய்ச் சுழலத் தொடங்கும் அந்தச் சின்ன இரைச்சல் எங்கே கேட்டாலும் எனக்கு இன்றும் உடம்பு கொதிக்கும்.

அன்று எங்கள் கடைசித் தம்பிக்கு வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் கல்யாணம். அப்பா இல்லாத வீட்டில் மூத்தவர்தான் பக்கத்தில் நிற்க வேண்டும். அண்ணையை ஏற்றிவரப் பட்டுச் சேலையோடு நகரின் மறுகோடியில் அவர் வீடு இருக்கும் ஃபாரஸ்ட் கேட்டுக்குக் கார் ஓட்டிப் போனேன். அவர் வீட்டில் உடுத்தும் சாரத்தோடு சோபாவில் இருந்து படம் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் தம்பிகள் கதை. தமிழில் பார்த்துப் பார்த்து அலுத்து, வேலையிடத்துப் பெங்களூர்க்காரனிடம் அதையே கன்னடத்தில் வாங்கி வந்திருந்தார். ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் திரையில் மூத்தவன் தம்பிக்குத் தாலி எடுத்துக் கொடுக்க, இவர் கண்ணைத் துடைத்தார்.

"வெளிக்கிடுங்கோ அண்ணை. அவன் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

"எங்கட ஆக்களில்லாத இடத்தில பொம்பிளை எடுத்தவனுக்கு நான் என்னத்துக்கு? கொஞ்சம் தள்ளு, மறைக்குது."

மறைக்குதாம்! வீடு, வளவு, படித்த பள்ளிக்கூடம் எல்லாம் விட்டுவிட்டுப் போருக்குத் தப்பி ஓடிவந்த மனிசன், சாதியை மட்டும் கசங்காமல் மடித்துக் கொண்டுவந்திருக்கிறார். முகம் தெரியாத நடிகனுக்கு ஊறுகிற கண்ணீர், தோளில் தூக்கித் திரிந்த தம்பிக்கு ஊறவில்லை. நான் தள்ளவில்லை. டிவிக்கு முன்னால் அப்படியே நின்றேன்.

"படத்தில வாற பெட்டை என்ன சாதியெண்டு விசாரிச்சனீங்களோ?"

"அது படம்."

"அப்ப நீங்கள் படத்துக்கே அண்ணையா இருங்கோ. அவனுக்குப் பக்கத்தில நான் நிக்கிறன்."