யாரும் எதுவும் கேட்காத பகல்

அத்தைக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்று சொன்னால் உடனே "நர்ஸா?" என்பார்கள். இல்லை. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் வலது கைப்பக்கம் ஒரு கண்ணாடி ஜன்னல், மேலே 'விசாரணை' என்று ஒரு பலகை, கண்ணாடியில் ஆரஞ்சுப் பழம் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் முகம்தான் என் அப்பாவின் தங்கச்சி. எக்ஸ்ரே எங்கே, ரத்தம் எங்கே கொடுக்கணும், நேற்று ராத்திரி கொண்டுவந்த தாத்தா எந்தக் கட்டில், கழிப்பறை எந்தப் பக்கம். அத்தை எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த ஓட்டை வழியாகத்தான் உலகத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நானும் அவளும் ஒரே அறை. தூக்கத்திலும் அவளுக்கு வேலை நேரம் முடியாது. "நேரா போய் இடது பக்கம்" என்பாள். ஒருநாள் நான் விளையாட்டுக்கு, "போனேங்க, அங்க பூட்டியிருக்கு" என்று சொல்லிப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமல், "அப்ப ரெண்டாவது மாடி போங்க" என்றாள். சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு ஜன்னல். "பாப்பா, என் கண்ணாடி எங்க?" இது அப்பா. ஐம்பது வயதாகியும் அவருக்கு அவள் பாப்பாதான். "கத்தரிக்கோலைப் பாத்தியா?" இது அம்மா. "அத்தை, என் இன்னொரு செருப்பு?" இது என் தம்பி உருண்டை. நான் மட்டும் உத்தமி இல்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியதிலிருந்து நாள் முழுக்க வீட்டில் இருப்பவள் நான். என் சீப்பு என் தலையிலேயே இருக்கும்போதும் அவளைத்தான் கேட்டிருக்கிறேன்.

அந்த மழைக்காலத்துக்கு முன்னால் அத்தைக்குக் கையும் வாயும் தகராறு ஆகிவிட்டது. வாய் 'இடது' என்னும், கை வலது பக்கம் நீளும். மனைவிக்குப் பிரசவம் என்று ஓடிவந்த ஒருத்தனைக் கால் உடைந்தவர்கள் வார்டுக்கு அனுப்பிவிட்டாள். அவன் கட்டில் கட்டிலாகத் தேடி, கட்டுப்போட்ட கிழவர்களை எல்லாம் எழுப்பி, கடைசியில் குழந்தை பிறந்தபிறகு போய்ச் சேர்ந்தான். திரும்பி வந்து ஓட்டையில் வாயை வைத்துக் கேட்டானாம், கேட்கக் கூடாததை எல்லாம். மேனேஜர் அத்தையைக் கூப்பிட்டார்.

"நாலு நாள் லீவு எடுத்துக்கம்மா. எங்கயாவது போய் நல்லா ரெஸ்ட் எடு. வந்தும் இப்படித்தான்னா அந்த ஜன்னலுக்கு வேற ஆளைப் போட வேண்டியிருக்கும். உன்னைத் துணிக் கிடங்குக்கு மாத்திடுவேன்."

துணிக் கிடங்கு என்றால் தரைக்குக் கீழே, வெயில் தெரியாத இடம். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி மேலே வந்ததில்லை.

அத்தை போனில் தேடி ஒரு காட்டேஜைப் பிடித்தாள். மலையடிவாரத்தில் ஓட்டு வீடு, ஒரு படுக்கையறை, ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி, சுற்றிலும் நடைபாதைகள். நடப்பவர்களுக்கு ஏற்ற இடம் என்று போட்டிருந்தது. காட்டேஜ்காரரிடம் பேசும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"எத்தனை பேருங்க?"

"ஒருத்திதான்."

"நடக்கவா வர்றீங்க?"

"இல்லைங்க. உக்காரத்தான்."

அப்பாவிடம் சொன்னபோதுதான் தப்பு நடந்தது. "தனியாவா?" என்றார். யாரோ செத்துப்போன குரலில். "உடம்பு சரியில்லாத நேரத்துல தனியா விட்டுருவோமா உன்னை? நாங்க எதுக்கு இருக்கோம்?" எல்லாம் பாசம்தான். பாசத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்ல எந்த ஜன்னலிலும் வசதி கிடையாது. அத்தை காட்டேஜ்காரருக்குப் போன் போட்டு, "அஞ்சு பேருங்க" என்றாள்.

பஸ் இறங்கி, பைகளோடு ஏற்றத்தில் நடந்து, பூந்தொட்டிக்கு அடியில் இருந்த சாவியை எடுத்துத் திறந்தோம். உள்ளே நல்ல வீடுதான். தடித்த சுவர், தாழ்ந்த விட்டம். அப்பா முதல் அடியிலேயே நெற்றியில் இடித்துக்கொண்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"பாப்பா, லைட் சுவிட்ச் எங்க?"

"பாப்பாவும் நம்மகூடத்தான் வந்தா" என்று நான் சொல்வதற்குள், "அந்தத் தூணுக்குப் பின்னால இருக்கும்ணே" என்றாள் அத்தை. இருந்தது. அதுதான் கேடு. அடுத்து அம்மா டீத்தூளைக் கேட்டாள். உருண்டை பாத்ரூம் கேட்டான். அத்தை செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அந்தச் சாய்வு நாற்காலியைப் பார்த்தபடி நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பார்வை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் முழுக்க மழை. ஒரே கூரைக்குக் கீழே ஐந்து பேர். அத்தை நாற்காலியில் சாய்வாள், போர்வையை முழங்கால் வரை இழுப்பாள், யாராவது எதையாவது கேட்பார்கள். போர்வை முழங்காலைத் தாண்டவே இல்லை. நான் ஒரு காகிதத்தில் 'மதிய இடைவேளை' என்று பெரிதாக எழுதி, நாற்காலியின் முதுகில் ஒட்டிவைத்தேன். அப்பா வந்தார், நின்றார், படித்தார்.

"பாப்பா, இது என்ன பேப்பர்?"

அத்தை என்னைப் பார்த்தாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. துவைத்துத் துவைத்து நிறம் போன துணி மாதிரி ஒரு பார்வை. "ஒண்ணுமில்லைண்ணே, புள்ள விளையாடுறா" என்றாள். சாயங்காலம் உருண்டை போர்வை கேட்டபோது அவள் வாய் இடது அலமாரி என்றது. கை வலது அலமாரியைக் காட்டியது. பார்த்தது நான் மட்டும்தான். நாளை ஒருநாள்தான் பாக்கி. அதற்கு அடுத்த நாள் காலையில் பஸ்.

கடைசி நாள் வெளிச்சமாக விடிந்தது. கதவுக்குப் பக்கத்தில் நடைபாதை வரைபடம் தொங்கியது. பச்சைக் கோடு ஓடை வரை போய்த் திரும்பும், சின்னப் பிள்ளைகளுக்கு. சிவப்புக் கோடு மலையின் தோளில் ஏறி, பின்பக்கம் இறங்கி, பைன் காட்டைச் சுற்றிக்கொண்டு வரும், கிறுக்கர்களுக்கு.

"எனக்கு முட்டி வலிக்குது. நீங்க போயிட்டு வாங்க" என்றாள் அத்தை.

"அப்ப நாங்களும் போகலை. உனக்குத் துணையா இருக்கோம்" என்றார் அப்பா, சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டே.

நான் உள்ளே புகுந்தேன். "அப்பா, பச்சைக் கோடு போயிட்டு வர ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரம்தான். அதுக்குள்ள அத்தை முட்டை அவிச்சு வைப்பா."

"அவ்வளவு பக்கமா?"

"ஓடைப்பா. எட்டிப் பார்த்தாலே தெரியும்."

முட்டை என்றதும் உருண்டை செருப்பை மாட்டிவிட்டான். அம்மா தலையில் துணியைக் கட்டிக்கொண்டாள். வெளியே போகும்போது ஜன்னல் திட்டில் அத்தையின் போன் கிடந்தது. அப்பாவை எனக்குத் தெரியும், வளைவுக்கு வளைவு கூப்பிடுவார். எடுத்து என் பைக்குள் போட்டேன். அத்தை பார்த்தாள். பார்த்துவிட்டு, முட்டைச் சட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று ரொம்பக் கவனமாகப் பார்க்கப் போய்விட்டாள்.

பாதை பிரிகிற இடத்தில் சிவப்புக் கோட்டில் திருப்பினேன். "இது ஏறுதே" என்றாள் அம்மா. "இறங்கணும்னா ஏறித்தானே ஆகணும்மா" என்றேன். பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்திருந்தால் இப்படியெல்லாம் பதில் வராது.

ஏறினோம். ஓடை வரவில்லை. உருண்டை, "ஓடையை யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றான். எடுத்துப்போன ரொட்டி தீர்ந்தது. தண்ணீரும் கிட்டத்தட்டத் தீர்ந்தது. அப்பா ஒவ்வொரு கல்லிலும் உட்கார்ந்து எழுந்தார். பேச்சு முதலில் குறைந்தது, அப்புறம் திட்டு மட்டும் இருந்தது, அப்புறம் அதற்கும் மூச்சு இல்லை. எனக்கும் கால் இரண்டும் கடன் வாங்கிய கால் மாதிரி இருந்தது. ஆனால் நாங்கள் வைத்த ஒவ்வொரு அடிக்கும் அங்கே போர்வை ஒரு விரற்கடை மேலே ஏறும் என்று நினைத்துக்கொண்டேன்.

மலையின் தோளில், காற்று அடிக்கிற திறந்த இடத்தில், பாதை மறுபடி பிரிந்தது. அப்பா போனை எடுத்தார். "இங்க சிக்னல் இருக்கு. பாப்பாவைக் கேட்டுருவோம்."

கூட்டத்தில் கேட்க வேண்டுமே என்று அத்தை தன் போனில் சத்தத்தை உச்சத்தில் வைத்திருப்பாள். என் முதுகுப் பையிலிருந்து அது அலறியது. பக்கத்துப் புதரில் இருந்த குருவி எல்லாம் கிளம்பிவிட்டது. அப்பா தன் போனைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார்.

"ஏய். அவ போன் உன்கிட்ட எப்படி?"

நான் பையின் வாரைப் பிடித்துக்கொண்டேன். அம்மாதான் புல்லில் உட்கார்ந்து, கால் விரலை நீவிக்கொண்டே பேசினாள்.

"ஏங்க, இப்ப அவளை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"எந்தப் பக்கம்னு கேக்கத்தான்."

"அவ இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்காளா?"

"இல்ல."

"அப்புறம் அவளுக்கு எப்படிங்க வழி தெரியும்?"

அப்பா போனைக் காதில் வைத்தபடியே நின்றார். பை அலறிக்கொண்டே இருந்தது. "தெரியும்னு தோணுச்சு" என்றார். அப்புறம் மெதுவாகப் போனை அணைத்தார். பையும் வாயை மூடியது.

"நானும்தான். காலைல உப்பு கைக்கு எதிரேயே இருந்துச்சு. அவகிட்டதான் கேட்டேன்" என்றாள் அம்மா.

அப்பா என்னை அடிப்பார் என்று ஒரு அடி தள்ளியே நின்றேன். அவர் ஷூவைக் கழற்றி உள்ளே விழுந்த சரளைக்கல்லைத் தட்டினார். "சிவப்புக் கோடா இது?" என்றார்.

"ஆமாப்பா."

"இன்னும் பாதி இருக்கா?"

"பாதிக்கு மேல."

"கழுதை" என்றார். திரும்பி, வந்த வழியைப் பார்த்தார். அதுதான் பக்கம், அவருக்கும் தெரிந்தது. ஷூவை மாட்டிக்கொண்டு சிவப்புக் கோட்டிலேயே முன்னால் நடக்க ஆரம்பித்தார். யாரும் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. மரத்தில் பூசியிருந்த சிவப்புப் பட்டையைத் தேடித் தேடி, இரண்டு இடத்தில் தப்பாகப் போய்த் திரும்பி, உருண்டையை மாற்றி மாற்றி முதுகில் சுமந்து, பொழுது சாய்கிற நேரத்தில் கீழே வந்து சேர்ந்தோம்.

கதவு திறந்தே இருந்தது. மேசையில் தட்டு போட்டு மூடிய சட்டியில் முட்டை, எப்போதோ ஆறிப்போயிருந்தது. அத்தை சாய்வு நாற்காலியில் கண் மூடிக் கிடந்தாள். போர்வை கழுத்து வரை. ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரே ஒரு டம்ளர். அன்றைக்கு அந்த வீட்டில் வேறு எதையும் யாரும் தொட்ட மாதிரி இல்லை.

நாங்கள் திருடர்கள் மாதிரி நுழைந்தோம். அப்பா முகம் கழுவிவிட்டு, கண்ணில் தண்ணீர் சொட்ட, துண்டுக்காகக் கையால் துழாவிக்கொண்டு வந்தார். வாய் 'பா' வரைக்கும் திறந்தது. மூடிக்கொண்டார். ஒரு அலமாரியைத் திறந்தார், சட்டிகள். அடுத்தது, விறகு. அடுத்தது, யாரோ விட்டுப்போன குடை. நான் அத்தையைப் பார்த்தேன். கண் மூடித்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தப்பான கதவுக்கும் வெளியே நீட்டிய காலின் கட்டைவிரல் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. துண்டுகள் வாசல் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. நாங்கள் நாலு பேரும் அதில் முகம் உரசித்தான் உள்ளே வந்தோம். அப்பா கடைசியில் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டார். கட்டைவிரல் இரண்டு முறை மடங்கியது.

உருண்டைக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. அவன் நேரே நாற்காலிக்குப் போய் நின்றான்.

"அத்தை, பாத்ரூம் லைட் எரியலை. வேற சுவிட்ச் எங்க?"

அம்மா கையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா சட்டை நுனியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

அத்தை கண்ணைத் திறக்கவில்லை. "வெளிய, கதவுக்கு வலது பக்கம்டா" என்றாள். போர்வைக்குள்ளிருந்து கை ஒன்று தூக்கக் கலக்கத்தோடு வந்தது. நான் அதையே பார்த்தேன். அது வலது பக்கம் நீண்டது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, போர்வைக்குள் போனது.

பாத்ரூமில் விளக்கு எரிந்தது. விசாரணை ஜன்னல் மறுபடி திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, அப்பா ஓரடி முன்னால் வந்து, "அப்ப துண்டு..." என்று ஆரம்பித்தார். அம்மா அவர் கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.