மார்க்கையன்கோட்டைக் கரும்பாலையும் என் வெல்டிங் மிசினும்

யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பியபோது என்னிடம் இரண்டு சொத்துகள் இருந்தன. ஒன்று வெல்டிங் வேலை, இன்னொன்று கோபம். இரண்டையும் அங்கேதான் கற்றேன் என்று ஊரில் நினைத்தார்கள். கோபம் பிறவியிலேயே வந்தது என்பது என் அக்காவுக்குத் தெரியும்.

அக்காவின் புருஷனும் நானும் கூட்டுச் சேர்ந்து, பட்டாளத்தில் கழித்துக்கட்டி ஏலம் விட்ட ஒரு பழைய வெல்டிங் மிசினை எடுத்து, அல்லிநகரத்தில் கொட்டகை போட்டோம். ஒரு பக்கம் பெட்ரோல் எஞ்சின். அது சுற்றிவிட, மின்சாரம் உண்டாக்கும் ஜெனரேட்டர் மறு பக்கம். இரண்டையும் சுமக்கக் கீழே இரண்டு சக்கரம். கரண்டு எட்டாத ஊருக்கும் இழுத்துக்கொண்டு போகலாம். அதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

அந்த ஐப்பசியில் விடாமல் மழை. வேலை ஒன்றும் வராமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரு சாயங்காலம் முழங்கால் வரை சேறோடு ஒரு பெண் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். மார்க்கையன்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள்.

"கரும்பாலையில நடுத்தண்டு முறிஞ்சுபோச்சுண்ணே. காலையில வெட்டுன கரும்பு பூரா களத்துல கெடக்கு."

வேறு ஆலையில் ஆட்டக்கூடாதா என்று கேட்டேன். தீபாவளி வெல்லத்துக்காக எல்லா ஆலையும் இரவு பகலாக ஓடுகிறது, யாரும் விட மாட்டார்கள் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, முழுக் கதையையும் சொன்னாள். புருஷன் இறந்து வருஷம் திரும்பவில்லை. தானே நின்று போட்ட முதல் கரும்பு இது. புருஷனுடைய தம்பி, பொம்பளைக்கு எதுக்கு வெள்ளாமை, நிலத்தை என்னிடம் விடு என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிவருகிறார்.

"இந்த வெல்லத்தை எறக்கிட்டேன்னா கொழுந்தனாரு வாயைத் தொறக்க மாட்டாக. கரும்பு புளிச்சுப்போச்சுன்னா, ஊரே அவுக பக்கம் பேசும். நெலம் கையைவிட்டுப் போயிரும்ணே."

வெட்டிய கரும்பை ஓலை போட்டு மூடி, தண்ணீர் தெளித்து வைத்தாலும் இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. சாறு புளித்தால் வெல்லம் கட்டி பிடிக்காது. "நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஒட்டித் தாரேன், போ தாயி" என்று பெரிய வீரனாட்டம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் ஒரு லாரியின் பின்னால் மிசினைக் கட்டிச் சின்னமனூர் வரை வந்தோம். அங்கிருந்து அவளுடைய மாடுகள் இழுத்தன. களத்தில் மூன்று இரும்பு உருளைகள் நிற்கும் ஆலை. நடு உருளையின் தண்டு, மாடு சுற்றுகிற நெடுங்கட்டைக்குக் கீழே இரண்டாக முறிந்து கிடந்தது. முறிந்த இரண்டு முனைகளையும் அரத்தால் சாய்வாகச் சீவி, நேராகப் பொருத்தினேன். வரப்பில் குடையோடு ஒருவர் வந்து நின்றார். கொழுந்தனார் என்று கேட்காமலே தெரிந்தது.

எஞ்சின் ஓடியது. வெல்டிங் கம்பியைத் தண்டில் தொட்டேன். வழக்கமாகப் படபடவென்று பிடித்துக்கொள்ளும் நெருப்பு, அன்றைக்கு நோயாளி இருமுகிற மாதிரி இரண்டு பொறியோடு நின்றுவிட்டது. கம்பி தண்டிலேயே ஒட்டிக்கொண்டது. பிடுங்கித் தொட்டேன். மறுபடியும் ஒட்டியது.

மழை ஈரம் கம்பியின் மேல்பூச்சில் ஏறியிருக்கும் என்று, வெல்லம் காய்ச்சும் அடுப்பைப் பற்றவைத்துக் கம்பிகளைக் காயவைத்தேன். பயனில்லை. தரைக் கம்பி பிடிக்கும் இடத்தில் துருவைச் சுரண்டினேன். கேபிள் இணைப்புகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து முறுக்கினேன். அப்போதும் அதே இருமல்தான். மிச்சமிருந்தது எஞ்சின். ரேஷன் பெட்ரோல் போதாமல் மச்சான் அதில் மண்ணெண்ணெய் கலந்திருந்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். களத்தில் இருந்த அத்தனை பேர் முன்னாலும், அக்காவைக் கட்டியவர் என்றுகூடப் பாராமல் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் எஞ்சின் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, "எஞ்சின் நல்லாத்தான் ஓடுது மாப்ளே" என்று மட்டும் சொன்னார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மத்தியானம் தாண்டியது. வரப்பில் நின்றவர் குடையைத் தோள் மாற்றிக்கொண்டு சிரித்தார். என் கையிலிருந்த கம்பியைத் தூக்கி எறிந்தேன்.

"கரும்பை மாட்டுக்குப் போடு தாயி. இந்தச் சனியன் இனிமே ஆகாது."

அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த மிசின் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சுளித்தாள்.

"ஏண்ணே, இதுக்குள்ள இருந்து என்னமோ கோயில் வாசம் வருது? சந்தனம் கருகுற மாதிரி."

ஓடிப்போய் நானும் முகர்ந்தேன். சந்தனமேதான்.

பட்டாளத்தில் இருந்த வருஷமெல்லாம் ஆயுத பூஜை கும்பிட முடியாத குறை எனக்கு உண்டு. போன வாரம் சொந்த மிசினுக்கு முதல் பூஜை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது. நல்லெண்ணெய் தேய்த்து மிசினைப் பளபளப்பாக்கினேன். வெளியே பொட்டு வைத்தது போதாதென்று, அதே எண்ணெய்க் கையோடு ஜெனரேட்டர் மூடியையும் கழற்றி, உள்ளே வளையமாக அடுக்கியிருக்கும் செம்புத் துண்டுகளுக்கு ஒவ்வொன்றாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். "உள்ள வேணாம் மாப்ளே" என்று மச்சான் தடுத்தார். "சாமிக்கு உள்ள என்ன, வெளிய என்ன?" என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். அந்தச் செம்பின் மேல் கரித்துண்டுகள் அழுந்தி உரசினால்தான் மின்சாரம் முழுசாக வெளியே வரும். இதைப் பட்டாளத்தில் பத்துப் பேருக்குப் பாடம் எடுத்தவன் நான்!

எஞ்சினை நிறுத்தி மூடியைத் திறந்தேன். எண்ணெயும் சந்தனமும் குழைந்து, செம்பின் மேல் கறுப்பாகப் படர்ந்திருந்தது. கரித்துண்டுகள் தம் கூட்டுக்குள் பசை போட்டது போல் ஒட்டிக்கொண்டு, பாதி அழுத்தத்தில் நின்றன. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

"மண்ணெண்ணெய் இல்ல மச்சான். என் வேலைதான். உங்களைப் பேசுனது தப்பு."

"வேலையைப் பாரு. சண்டையை வீட்ல வச்சுக்கிருவோம்" என்று பெட்ரோல் நனைத்த துணியை நீட்டினார்.

கரித்துண்டுகளைக் கழற்றித் துடைத்தோம். கூட்டைச் சுரண்டினோம். செம்பைத் துணியால் துடைத்து, வழவழப்பான உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, பெட்ரோல் ஈரம் காயும்வரை காத்திருந்தோம். எஞ்சினை முடுக்கிக் கம்பியைத் தொட்டேன். சடசடவென்று பிடித்தது பாருங்கள், களத்தில் நின்ற அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மச்சான் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

அடுக்கடுக்காக ஒட்டி முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. சட்டென்று ஆறினால் ஒட்டு வெடிக்கும். அடுப்புச் சாம்பலை வெதுவெதுப்பாக அள்ளித் தண்டைப் புதைத்துவிட்டு அங்கேயே படுத்தோம்.

காலையில் தண்டை மாட்டி, காளைகளைப் பூட்டினோம். கொழுந்தனார் இப்போது வரப்பை விட்டுக் களத்துக்கே வந்திருந்தார். காளைகள் முதல் அடி எடுத்து வைத்தபோது எனக்குப் பார்க்கத் தைரியம் வரவில்லை. திரும்பி நின்றுகொண்டேன். கரும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. பிறகு சாறு பானையில் விழும் சத்தம். திரும்பியபோது என் கண் நிறைந்திருந்தது, மறைக்கவும் தோன்றவில்லை.

அவள் முதல் சாற்றை ஒரு சொம்பில் பிடித்தாள். எனக்குத்தான் தரப்போகிறாள் என்று கையைக்கூட நீட்டிவிட்டேன். அவள் என்னைத் தாண்டி நேராகக் கொழுந்தனாரிடம் போனாள்.

"குடிச்சுப் பாருங்க. புளிக்கல."

அவர் அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். நிதானமாக மிச்சத்தையும் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் அதை வாங்கிக்கொண்டு கரும்புக் கட்டுகளைக் காட்டினாள்.

"சும்மா நிக்காம அங்கன கெடக்குற கட்டை இங்கன தூக்கியாங்க. ஆலைக்கு ஆள் பத்தல."

அவர் குடையைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, போய்த் தூக்கினார்.