ஒரு ‘சே’ குறைந்த வைத்தியம்

அந்தமான் புரோத்ராபூரில் நீலாவதியின் கீரைப் பாத்தியைத் தாண்டாமல் பஸ் ஏற முடியாது. தீவிலேயே பிறந்து வளர்ந்தவள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் டாலிகஞ்ச் முனையில் இறக்கினாளென்றால், விற்றுத் தீர்த்த பிறகுதான் மறுவேலை. அப்படிப்பட்டவளை முதுகுவலி என்ற ஒரே சாக்கில் கட்டிலில் போட்டுவிட்டார்கள்.

போட்டது புருஷன் ஜம்புலிங்கம். கெட்ட மனுஷனில்லை, பயந்த மனுஷன். மதுரைப் பக்கமிருந்து காண்டிராக்ட் வேலைக்கு வந்தவர். கூலியாட்களை அதட்டக் கற்றுக்கொண்ட இந்திதான் அவருடையது; ஆனால் பண்டிதர் என்று நினைப்பு. ஆஸ்பத்திரியில், தீராத முதுகுவலியைப் பற்றி ஆராய்ச்சி செய்துவந்த பிசியோதெரபிஸ்ட் ப்ரியங்கா, நீலாவதி உள்ளே சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவரிடம் இந்தியில் ஏதோ சொல்லி அனுப்பினாள். நீலாவதி வெளியே வந்ததும் அவர் தீர்ப்பு வாசித்தார்.

“ஆராம்னு சொல்லிட்டாங்க. இனிமே நீ ஒண்ணையும் தூக்கக் கூடாது.”

அன்றிலிருந்து குனிந்தால் கத்தல், பக்கெட்டைத் தொட்டால் கத்தல். படுக்கப் படுக்க வலி கூடத்தான் செய்தது. கடைசியில் பாத்தியைப் பாக்குக் கன்று வைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக் கண்ணையாவுக்கு விடுவதாகப் பேசி முடித்துவிட்டார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கண்ணையா நிலம் அளக்கக் கயிற்றோடு வந்த காலையில், ஆராய்ச்சிக்காக ப்ரியங்காவும் வீடு தேடி வந்தாள்.

“படுத்தே கிடக்கிறீங்களா? யார் சொன்னது?” என்று இந்தியில் கேட்டாள்.

“நீங்கதான். ஆராம் எடுக்கச் சொன்னீங்களாமே!”

ப்ரியங்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். “ஐயோ அக்கா, ஆராம் இல்ல, ‘ஆராம் சே’! ‘ஆராம் சே’ தூக்கணும்னு சொன்னேன்.”

ஆராம் என்றால் ஓய்வு. ஆராம் சே என்றால் மெதுவாக, பார்த்து. தீவில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். நம் பண்டிதர் அந்த ‘சே’யை முழுங்கிவிட்டார்.

“வலிச்சாலே முதுகு உடைஞ்சுபோச்சுன்னு அர்த்தமில்ல. நாள்பட்ட வலி சும்மாவும் கத்தும். கொஞ்சங்கொஞ்சமா குனிங்க, நடங்க, தூக்குங்க” என்றாள் ப்ரியங்கா.

நீலாவதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே பாத்திக்குப் போனாள்.

“கயித்தைச் சுருட்டுங்க கண்ணையா அண்ணே. பாத்தி என்னோடது, வலியும் என்னோடது. ரெண்டையும் நானே பாத்துக்கிறேன்.”

கொஞ்சம் கீரை பறித்துக் கூடையில் போட்டுத் தூக்கினாள். முதுகு சுளீரென்றது. கீழே வைக்கவில்லை.

ஜம்புலிங்கம் பதறி ஓடிவந்தார். “ஏய் நீலா! மெதுவா... பாத்துத் தூக்கு!”

கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் திரும்பினாள்.

“இதத்தாங்க அந்தப் பொண்ணு அன்னைக்கே சொல்லிச்சு.”