சாமி தூக்கப் போட்ட ஊசி

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த ஊரில் திருவிழாவோ அங்கே போய்ச் சாமி தூக்குவது என் பிழைப்பு. தோள் காய்த்துவிட்டது, முட்டிதான் தேய்ந்துவிட்டது.

போன திருவிழாவுக்குப் பெரிய காஞ்சிபுரம் வந்தபோது காலை மடக்கவே முடியவில்லை. உடன் தூக்கும் ஏகாம்பரம் சிரித்தான். "ஊசி போட்டுக்கினு வா மச்சான். நம்ம ஆளுங்க வருசா வருசம் போட்டுக்கினுதான் தூக்குறாங்க."

அவன் காட்டிய கிளினிக்கில் முட்டிக்குள்ளேயே போட்டார்கள். என்ன ஊசி என்று கேட்டேன்.

"வலி போற ஊசிதான்பா, போ" என்றார் டாக்டர். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கவில்லை. காலுக்கு ஓய்வு கொடு என்றும் சொல்லவில்லை.

மறுநாள் வலியே இல்லை. தாகம் மட்டும் அடங்கவில்லை. வெயில் என்று நினைத்துத் தூக்கினேன். வீதி திரும்பும்போது கண் இருட்டியது. ஏகாம்பரம் பாய்ந்து தண்டைப் பிடித்திராவிட்டால் பல்லக்கு எங்கள் மேலேயே சாய்ந்திருக்கும்.

அரசு ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை எகிறிக் கிடந்தது. "முட்டியில போட்டது ஸ்டீராய்டாத்தான் இருக்கும்பா, அது சுகரை ஏத்திடும். சுகர் இருக்குதுன்னு சொல்லக்கூடாதா?" என்று நர்ஸம்மா திட்டினார்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேம்மா."

பார்த்துப் போட்டால் நல்ல மருந்துதான் என்றார். இருக்கட்டும். சாமிக்கு ஆயிரம் பெயர் சொல்லி அர்ச்சனை செய்கிற ஊரில், என் உடம்பில் ஏற்றிய மருந்துக்கு ஒரு பெயர் சொல்ல அந்த டாக்டருக்கு வாய் வரவில்லையே. சுமக்கிறவனுக்கு எதற்கு என்று நினைத்தாரா?

இப்போதெல்லாம் எந்த ஊர் டாக்டரானாலும், சர்க்கரை இருப்பதை முதலில் சொல்லி, ஊசியின் பெயரைக் கேட்கிறேன். சொல்லாவிட்டால் நொண்டிக்கொண்டே எழுந்து வந்துவிடுகிறேன்.