கருகல் வாடை

கம்பளி ஆலையில் அவளுக்கு 'மோப்பக்காரி' என்று பட்டப்பெயர். வந்து இறங்கும் நூலில் கலப்படம் இருக்கிறதா என்று எரித்துப் பார்த்துச் சொல்வதுதான் வேலை. ஓர் இழையைக் கிடுக்கியில் பிடித்து மேசை விளக்கின் சுடரில் காட்டுவாள். பருத்தி குப்பென்று பற்றி, காகித வாடையோடு சாம்பலாகும். சணலும் அதே சாதிதான். கம்பளியோ சுருண்டு பொசுங்கி, சுடரை விலக்கியதும் தானே அணைந்துவிடும். உருப்பெருக்கியில் பார்த்தால் கம்பளி நெளிநெளியாக, செதில் தூக்கி நிற்கும். தலைமுடி செதில் படிந்து வழவழவென்று இருக்கும். எரித்துவிட்டால் மட்டும் மூக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

நாள் முழுக்க நெருப்போடு புழங்கினாலும் அவள் சரியான தொடைநடுங்கி. வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை திரும்பிப் பார்ப்பாள். கலப்புப் போர்வைக்குப் பஞ்சு பிரிக்கும் கூடத்தில் வேலை செய்த நாத்தனாரை நினைத்தால் பயம் இன்னும் கூடும். அந்தப் பெண்ணுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல்.

"கொண்டை போட்டுத் துணியைக் கட்டிக்கடி, மிஷின் பக்கத்துல நிக்கிற."

"போங்க அண்ணி. நீங்க நிழலப் பாத்தே நாலடி தள்ளி நிக்கிற ஆளு."

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தாள். விளக்கை இன்னும் ஏற்றவில்லை. முடி கருகும் நாற்றம் வந்தது.

தன் விளக்கைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. நாற்றம் பஞ்சுக் கூடத்திலிருந்து வந்தது. கம்பளியா, முடியா? இத்தனை வருஷம் பழகிய மூக்குக்கும் பிரித்துச் சொல்ல முடியாதது அது ஒன்றுதான். "கம்பளியா இருக்கணும், கம்பளியா இருக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடினாள்.

உள்ளே பஞ்சுக் குவியல் திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் கிடந்த கம்பளிக் கழிவு புகைந்துகொண்டிருந்தது. நாத்தனார் சணல் சாக்கால் தீயை அடித்துக்கொண்டிருந்தாள், முழுசாக. மோப்பக்காரிக்குப் போன உயிர் திரும்பியது. அதற்குள் சாக்கும் பற்றிக்கொண்டது. அதிலிருந்து தெறித்த பொறி முதுகில் விழுந்து, பின்னல் நுனியில் நெருப்பு ஏறியது. அந்தப் பெண்ணுக்கு அது தெரியவில்லை.

மோப்பக்காரி வாசல் பக்கம் திரும்பினாள். வாசலோரம் அடுக்கியிருந்த போர்வைகளில் மேலே கிடந்த இரண்டு கலப்பு, அடியில் இருந்தது சுத்தக் கம்பளி. அடுக்கைச் சரித்து அடியில் இருந்ததை உருவினாள். நாத்தனார் மேல் வீசி, அவளோடு சேர்ந்து தரையில் விழுந்து, உடம்பால் அழுத்திக்கொண்டாள். போர்வைக்குள் "அண்ணி, மூச்சு முட்டுது!" என்று குரல் கேட்டது. அதற்கும் விடவில்லை. தண்ணீர்க் குழாயோடு ஓடிவந்தவர்கள் பஞ்சை அணைத்தபின் இருவர் சேர்ந்துதான் அவளைப் பிய்த்து எடுத்தார்கள்.

பின்னல் தோளோடு போயிற்று. கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். அவ்வளவுதான். மருந்து போட்டுக்கொண்டே நாத்தனார் சிரித்தாள்: "தீ அணைஞ்சு எவ்வளவு நேரமாச்சு, இன்னும் ஏன் அண்ணி நடுங்குறீங்க?"

"வாய மூடுடி. எனக்கு இப்பத்தான் பயமே ஆரம்பிக்குது."

எழுந்து நிற்கப் பார்த்தாள். முழங்கால் மடங்கியது. கழுத்தில் கட்டோடு இருந்தவள்தான் அண்ணியைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.