தாழ்வாரத்தில் கட்டியிருந்த சேலை

"ஊர்ல கொத்தனார் இல்லாமலா போயிட்டாங்க சார்? வீட்டுக்குப் படம் போடுறதுக்கு அஞ்சு வருஷப் படிப்பா?" என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் ஒருமுறை இப்படிக் கேட்டார். என் மகன் குமரன் பி.ஏ. முடித்துவிட்டு, கட்டடக் கலை படிக்கப் பம்பாய்க்கு ரயிலேறிய வாரம் அது. நான் பூகோள வாத்தியார். எந்த ஊரில் என்ன விளையும் என்று கேட்டால் சொல்வேன். இந்தக் கேள்விக்குச் சிரித்து மழுப்பினேன்.

குமரன் நன்றாகவே படித்தான். சொந்தமாகத் தொழில் தொடங்குமுன் அனுபவமுள்ள ஒருவரிடம் வேலை பழக வேண்டும் என்று சென்னையில் ஓர் ஆபீசில் சேர்ந்தான். அந்த வருஷமே குடற்காய்ச்சல் வந்து போய்விட்டான். விடுமுறைகளில் வந்து அவன் கட்டுவித்த பிரசவ விடுதி ஒன்று பெரம்பலூரிலிருந்து குரும்பலூர் போகும் வழியில் இருக்கிறது. அவன் கட்டியது அது ஒன்றுதான். அதற்கு வெள்ளையடித்தபோது அவன் இல்லை. "ஒரு தரம் போயித் தொட்டுப் பாத்துட்டு வாங்க" என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு மாட்டுவண்டிக் குலுக்கல் ஆகாது. இரண்டு மழைக்காலம் தள்ளிப்போட்டேன். சென்ற தை மாதம்தான் போனேன்.

திருச்சி ஜங்ஷனில் காலைப் பாசஞ்சர். அரியலூர் நாற்பத்து மூன்று மைல். மூன்றாம் வகுப்புக் கட்டணம் பதின்மூன்று அணா. டிக்கெட் கொடுக்கும் சன்னலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். பம்பாயில் குமரனுக்கு முதலில் கொடுத்த பாடம் ஒரு டிக்கெட் சன்னல் வரைவது. மூன்று நாள் ஸ்டேஷனில் நின்று ஜனங்களைப் பார்த்தானாம். பிறகு சன்னலுக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குப் பலகை ஒன்று போட்டு வரைந்தான். "குழந்தையை ஒரு கையில வச்சிருக்கிற அம்மா மூட்டையை எங்கே வைப்பாங்கப்பா?" என்றான். எங்கள் ஜங்ஷனில் அப்படிப் பலகை கிடையாது. எனக்கு முன்னால் நின்ற பெண் மூட்டையை முழங்காலால் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காசு எண்ணினாள்.

அரியலூரில் இறங்கியதும் காலடியில் சுண்ணாம்புக்கல் தூசி. ஸ்டேஷனுக்கு வெளியே பெரம்பலூர் பஸ் நின்றது. யுத்தம் முடிந்தும் பெட்ரோல் கட்டுப்பாடு தீரவில்லை. கரி எரித்து ஓடும் பஸ்தான். பின்னால் இருக்கும் அடுப்பை மூட்டிக் கைப்பிடியைச் சுழற்றிப் புகை கிளப்பவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. பத்தொன்பது மைல், ஒன்பது அணா. வழியில் இரண்டு மேடுகளில் இறங்கித் தள்ளினோம்.

"பெரியவரே, நீங்க ஒக்காருங்க" என்றார் கண்டக்டர்.

"மத்தவங்க தள்ளுறாங்களே."

"அவங்க பஸ்ஸை மட்டும்தான் தள்ளுறாங்க. நீங்க தள்ளினா அப்புறம் உங்களையும் சேர்த்துல்ல தள்ளணும்."

பஸ்ஸே சிரித்தது. பல மாதம் கழித்து நானும் சிரித்தேன்.

பெரம்பலூரிலிருந்து மாட்டுவண்டி. வண்டிக்காரருக்கு நாற்பது வயதிருக்கும், நல்ல வாயாடி. போகும் இடத்தைச் சொன்னதுமே, "செத்துப்போன பையன் கட்டின ஆசுபத்திரியா?" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். "அங்க ஒரு சுவருக்குப் பெரிய வழக்குங்க. நர்சம்மா கட்டுங்கிறாங்க. எடம் கொடுத்துக் கட்டின நல்லதம்பி அய்யா, படம் போட்ட புள்ளை போயிட்டான், அவன் வச்சதைத் தொடமாட்டேங்கிறாரு. அந்தப் பையனோட அப்பா எங்கியோ வாத்தியாராம். அவரு வந்து சொன்னாத்தான் சுவராம். அவரு வந்தபாடில்லை."

"நான்தான் அது" என்றேன்.

அதற்குப்பின் அவர் மாட்டைக்கூட அதட்டவில்லை.

விடுதி சிறியது. இரண்டு அறை, கிழக்கே அகலமான தாழ்வாரம். சிமெண்ட் கிடைக்காத காலம். அரியலூர்ச் சுண்ணாம்பை அரைத்துக் கட்டியது. கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் என்பதால் அஸ்திவாரத்தை ஆழமாகத் தோண்ட வைத்தானாம். சுவரில் ஒரு கீறல் இல்லை. மனைவி சொன்னபடி உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். நிழற்பக்கச் சுவர், குளிர்ந்திருந்தது. சீக்கிரம் கையை எடுத்துவிட்டேன்.

நல்லதம்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகள் பிரசவ வலியோடு பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டியிலேயே இறந்தவள். அவள் பெயரால் கட்டியது இது. "வாங்க வாத்தியாரய்யா. தம்பி இந்தத் தாவாரத்துல நின்னுதான் சொன்னாரு, ஒரு புள்ளைத்தாய்ச்சியோட நாலு பேரு வருவாங்க, அவங்க மரத்தடியில நனையக் கூடாதுன்னு. அவரு விட்ட எடத்தை அடைக்க எனக்குக் கை வரலீங்க."

தாழ்வாரத்தின் தென்கோடியில் இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு பழைய பச்சைச் சேலை கட்டியிருந்தது. காற்றில் அது விலகியபோது உள்ளே பாயில் ஓர் இளம்பெண் படுத்திருப்பது தெரிந்தது. அவளுடைய அம்மா விசிறிக்கொண்டிருந்தாள்.

"பெத்து நாலு நாளு, காய்ச்சல்" என்றார் நர்ஸ் ஞானம்மாள். "மத்தவங்க கூடப் போட முடியாது சார். ஐப்பசியில இதே மாதிரி காய்ச்சல்காரி ஒருத்தியை மழைன்னு உள்ள போட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரிக்கும் தொத்திக்கிச்சு. பொழைக்கலை. சேலையை நம்பி எத்தனை நாளு ஓட்டுறது?"

"நான் வேணாங்கலையே நர்சம்மா. தோட்டத்துக் கோடியில தனியா ஒரு கொட்டகை போடலாம்னுதான் சொல்றேன்" என்றார் நல்லதம்பி.

"அவ்வளவு தூரத்துல போட்டா ராத்திரி கூப்பிட்டா எனக்குக் கேக்குமா அய்யா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சாயங்காலம் வரை அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவன் விட்டுப்போன இடம் அப்படியே இருக்கட்டும் என்றுதான் மனது சொன்னது. எனக்கு வேறு என்ன மிச்சம்?

அவன் முதல் வருஷ விடுமுறையில் அழுதது ஞாபகம் வந்தது. நான் பரீட்சைத் தாளில் ஓரத்தில்தான் சிவப்பு மை வைப்பேன். பம்பாயில் ஆசிரியர்கள் எல்லோர் முன்னாலும் படத்தைச் சுவரில் மாட்டி, அதன் மேலேயே கரிப்பென்சிலால் கோடு இழுப்பார்களாம். "ராத்திரியெல்லாம் முழிச்சுப் போட்டதுப்பா" என்றான். மூன்றாம் வருஷம் அழவில்லை. தபாலாபீஸ் படம் ஒன்றை எங்கள் ஊர்த் தபால்காரரிடம் காட்டி, "இதுல எது உங்களுக்குத் தொந்தரவு?" என்று கேட்டான். அவர் காட்டிய கதவை அங்கேயே ரப்பரால் அழித்தான். அந்த முகம் இப்போதும் தெரிகிறது. ஒரு வருத்தமும் இல்லாத முகம்.

அந்தச் சேலை மறுபடியும் விலகியது. உள்ளே இருந்த பெண் கண்ணைத் திறந்து வெளிச்சம் வரும் பக்கம் பார்த்தாள்.

"சுவர் வச்சிருங்க" என்றேன். "அவன் இருந்தா ஐப்பசியிலேயே வச்சிருப்பான்."

நல்லதம்பி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு கேட்டு வாங்கி, தூணிலிருந்து தூணுக்குத் தரையில் கோடு போட்டேன். கோடு கோணலாகத்தான் வந்தது.

"சன்னல் எங்க சார் வைக்கிறது?" என்றார் ஞானம்மாள்.

"எனக்குத் தெரியாதும்மா. படுத்திருக்கிறவங்களைக் கேளுங்க."

அவர் சேலைக்குள்ளே போய்க் குனிந்து கேட்டார். மெலிந்த கை ஒன்று கிழக்கே நீண்டது.

மறுநாள் வீடு திரும்பினேன். "அப்படியே இருக்குதா?" என்று மனைவி கேட்டாள்.

"இருக்கு. ஒரு சுவர் கூட வருது" என்று நடந்ததைச் சொன்னேன்.

முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "சன்னல் வைக்கிறாங்கல்ல?" என்றாள்.

கணக்கு வாத்தியார் இப்போது இல்லை. இருந்தால் சொல்வேன்: கோடு போடக் கொத்தனாருக்கும் தெரியும் சார்; போட்ட கோட்டை அழிக்கப் பழகுவதற்கு என் மகனுக்கு ஐந்து வருஷம் ஆயிற்று. எனக்கு ஒரு மத்தியானப் பொழுது ஆயிற்று, அதுவும் அவன் படித்த படிப்பில்தான்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் தை, மாசியில் போவது நல்லது. மழையில் கரிசல் பாதையில் வண்டிச் சக்கரம் புதையும். கரி பஸ்ஸில் வெள்ளை வேட்டி வேண்டாம். குடிதண்ணீரை அரியலூரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பெரம்பலூரிலிருந்து மாட்டுவண்டிக்குப் போகவர ஒன்றேகால் ரூபாய். பிரசவ விடுதிக்குப் போனால் பழம் வாங்கிப் போங்கள். படுத்திருப்பவர்களை வேடிக்கை பார்க்க வேண்டாம்.

வீட்டில் எங்கேயாவது சுவர் எழுப்பப் போகிறீர்களா? முதலில் அந்த இடத்தில் ஒரு பழைய சேலையைக் கட்டி, ஒரு வாரம் புழங்கிப் பாருங்கள்.